இடக்கைத் துப்பாக்கி

"மெதுவா இழு. நான் என்ன மீன் பெட்டியா?" என்றாள் பொலெத்தே.

யூலுத் நின்று, கயிற்றை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். மீன் பெட்டி ஏற்றும் சறுக்குவண்டிதான் அது. அதைக் கழுவி, போர்வைகளை மடித்துப் போட்டு, மேலே மனைவியை உட்கார வைத்திருந்தான். மே மாதம். பாதையில் பனி பாதி கரைந்து பாறையும் சேறும் எட்டிப் பார்த்தன. பனி மிச்சமிருக்கும் இடமாகப் பார்த்து வளைந்து வளைந்து இழுக்க வேண்டியிருந்தது.

"மீன் பெட்டி இவ்வளவு பேசாது" என்றான்.

"பேச முடியற வரைக்கும் பேசிக்கறேன். உனக்கென்ன?"

நூக் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவளை ஊருக்கு அனுப்பியபோது, வீட்டில் இருந்தால் அவளுக்கு வசதியாக இருக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். அதன் பொருள் என்னவென்று திரும்பி வரும் கப்பலில்தான் யூலுத்துக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அவள் கட்டிலையும் ஜன்னலையும் தாண்டவில்லை. ஆனால் இன்று காலையில் எழுந்து உட்கார்ந்து காபி குடித்தாள். தலை வாரிவிடச் சொன்னாள். கடைக்குப் போக வேண்டும் என்றாள். என்ன வாங்க என்று கேட்டதற்கு, துப்பாக்கி என்றாள். ஊசி போட வந்த நர்ஸ் ஆனே, யூலுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போய்ட்டு வரட்டுமே" என்று மட்டும் சொன்னாள்.

"பழசுதான் இருக்கே" என்றான் யூலுத் இப்போது, இழுத்துக்கொண்டே.

"பழசு குழல் முழுக்க உப்பு தின்னு போச்சு. ஒரு குண்டு கிழக்கே போகுது, ஒண்ணு மேற்கே போகுது. உன் மகன் மினிக் என்ன சொன்னான், மறந்துட்டியா? எனக்கப்புறம் உன்னை நூக்குக்குக் கூட்டிட்டுப் போயிடுவானாம். நாலாவது மாடியாம். பால்கனி இருக்காம். அதுல நின்னு என்ன பண்ணுவ நீ? போற வர்ற காரை எண்ணுவியா?"

யூலுத் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு வீட்டு வாசலில் நாய் ஒன்று சங்கிலியோடு தூங்கிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சுடத் தெரியாதவன் இந்த ஊர்ல இருந்து என்ன பண்ணுவான், பொலெத்தே?"

"அதுக்குத்தான் கடைக்குப் போறோம். இழு."

இது அவர்கள் இருவருக்குள் இருந்த விஷயம். கல்யாணமான முதல் கோடையிலேயே தொடங்கியது. படகின் பின்னால் எஞ்சினைப் பிடித்து உட்காருபவன் யூலுத். முன்பலகையில் துப்பாக்கியோடு உட்காருபவள் பொலெத்தே. கடலில் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும் சீல் என்ற கடல்நாயை நோக்கி, அலை எந்தப் பக்கம் அடித்தாலும் படகை ஆடாமல் கொண்டுபோய் நிறுத்த அவனைப் போல் ஒருவன் அந்தக் கரையோரத்தில் கிடையாது. சுட்டது எப்போதும் அவள். அவன் சுட்டால் குண்டு சீலுக்கு இடப்புறமாகப் போய்த் தண்ணீரில் விழும். விழுந்து விழுந்து, பிறகு துப்பாக்கியைத் தோளில் வைத்தாலே கண் இறுகிக்கொள்ளும் நிலை வந்துவிட்டது.

இதைப் பற்றி இருவரும் யாரிடமும் பொய் சொன்னதில்லை. கரைக்கு வரும்போது "என்ன யூலுத், கிடைச்சுதா?" என்று கேட்பார்கள். அவன் படகைக் காட்டுவான். அவ்வளவுதான். பெயர் பெற்ற வேட்டைக்காரனின் மகன் அவன். வேறு எதையும் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஈஸ்டர் திங்களன்று ஊர்ப் போட்டியில் காகித இலக்கைச் சுட்டு ஒவ்வொரு வருஷமும் பரிசு வாங்குவாள் பொலெத்தே. அன்றைக்கு மட்டும் யூலுத்துக்குத் தோள் வலி வந்துவிடும். "காகிதத்துல பொலெத்தே, கடல்ல யூலுத்" என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்டு அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள்.

கடையில் காபிப் பொட்டலங்களுக்கும் குழந்தைத் துணிகளுக்கும் நடுவே துப்பாக்கிகள் சுவரில் சாத்தியிருந்தன. கடைக்கார ஹென்றிக், அவளைக் கண்டதும் முகத்தில் ஓடிய ஏதோ ஒன்றை வேகமாகத் துடைத்தெறிந்துவிட்டு, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான்.

"வாங்க அக்கா. காபியா, மாவா?"

"துப்பாக்கி. இந்த ஆளுக்கு."

ஹென்றிக் முதலில் எடுத்துக் கொடுத்தது இருபத்திரண்டு என்று சொல்லும் ஒல்லியான சின்ன ரகத் துப்பாக்கி. அவள் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பனிக்கௌதாரிக்கு நல்லது. காகிதத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனா கொஞ்சம் தூரத்துல சீல் வந்தா, குண்டு தண்ணியில பட்டுத் தவளை மாதிரி தாவிட்டுப் போகும்."

"அப்ப பெருசே வாங்கிக்கலாமே. கலைமானுக்கும் ஆச்சு."

"அது உதைச்சா இவன் கடல்ல கிடப்பான். அப்புறம் அவனைச் சீல் சுட்டுட்டு வரும்."

ஹென்றிக் சிரித்தான். யூலுத்தும் சிரித்தான். அவளுக்குச் சிரிப்போடு இருமல் வந்தது. மூவரும் அது அடங்கும் வரை காத்திருந்தார்கள்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு குடு" என்றாள், மூச்சு திரும்பியதும். "குண்டு சின்னதா இருக்கணும், வேகமா போகணும். உதைக்கக் கூடாது. சீல் தலைக்கும் ஆகணும். முனை கெட்டியான குண்டைப் போட்டா, கௌதாரியைக் கிழிக்காம துளை மட்டும் போடணும். ஈஸ்டருக்குக் காகிதத்தையும் சுடலாம். ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும். அதனால எல்லாத்துக்கும் வரணும்."

"அப்ப இருநூத்தி இருபத்திரண்டு ரகம்தான் அக்கா." ஹென்றிக் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவள் அவற்றைத் தொடவில்லை. மூலையில், தூண்டில் பெட்டிகளுக்குப் பின்னால் நின்ற ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன?"

"அதுவா? அதுவும் அதே ரகம்தான். ஆனா தப்பா வந்தது. போன வருஷம் முதல் கப்பல்ல அனுப்பிட்டாங்க. இடது கைக்காரங்களுக்காம். குண்டு ஏத்த இழுக்கிற போல்ட் அந்தப் பக்கம் இருக்கு. ஊர்ல இருக்கிற ஒரே இடது கைக்காரர் உபதேசியார். அவர் கொசுவைக்கூட அடிக்க மாட்டார்."

"அதை எடு."

ஹென்றிக் யூலுத்தைப் பார்த்தான். யூலுத் தரையைப் பார்த்தான். ஹென்றிக் மரப்பிடியிலிருந்த தூசியைத் துடைத்து அவளிடம் கொடுத்தான். அவள் மடியில் வைத்துக்கொண்டு போல்ட்டை இழுத்து வெளியே எடுத்தாள். குழலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்க அவளால் முடியவில்லை. யூலுத் நுனியைத் தாங்கிப் பிடித்தான். ஒரு கண்ணை மூடி, குழலுக்குள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு போல்ட்டைத் திரும்பப் பொருத்தி, விசையை ஒருமுறை அழுத்தினாள். 'டிக்' என்றது. அந்தச் சத்தத்தை வாயில் போட்டுச் சுவைப்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"யூலுத், இங்க வா. அந்தத் தகர டப்பாவைப் பார்த்து விரலை நீட்டு. ரெண்டு கண்ணும் திறந்து இருக்கட்டும்."

அவன் நீட்டினான். அவள் குனியச் சொல்லி, தன் உள்ளங்கையால் அவன் இடது கண்ணை மூடினாள். கை சூடில்லாமல் இருந்தது.

"டப்பா எங்க?"

"நகர்ந்துடுச்சு."

இப்போது வலது கண்ணை மூடினாள். "இப்ப?"

"விரல் நுனியிலயே இருக்கு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஆச்சரியப்பட்டது போலத் தெரியவில்லை என்பதை யூலுத் கவனித்தான். தெரிந்த பாதையில் தெரிந்த கல்லைக் கண்டவள் போல இருந்தாள்.

"அப்ப அண்ணனுக்கு இடது கண்ணா குறி பார்க்குது?" ஹென்றிக்குக் குழப்பம். "இத்தனை வருஷம் வலது தோள்லதானே வச்சு..."

"வயசானா கண்ணு மாறும்" என்றாள் பொலெத்தே. "உனக்கும் மாறும், இரு. குண்டு ஒரு பெட்டி எடு. கெட்டி முனையில கொஞ்சம், சாதா முனையில கொஞ்சம்."

வீடு திரும்பும்போது துப்பாக்கியை மடியில் குறுக்கே வைத்திருந்தாள். எதிரே வந்தவர்களிடம், "கடற்கொள்ளைக்குப் போறோம், வர்றியா?" என்று கேட்டாள். வீட்டு வாசலுக்கு வந்தபோது அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. யூலுத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். துப்பாக்கியின் எடை அதிகமா, அவள் எடை அதிகமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மீதே கோபம் வந்தது.

சாயங்காலம் மலைகளுக்கு மேல் வெளிச்சம் குறையாமல் நின்றது. அவன் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?" என்று கேட்டான்.

அவள் கண்களை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தான்.

"காத்து எந்தப் பக்கம்?" என்றாள்.

"தென்மேற்கு."

"அப்ப பனிக்கட்டியெல்லாம் உள்ள வரும். நாளைக்குப் படகைக் கொஞ்சம் மேல இழுத்து வை."

அவன் சரி என்றான். அவள் பாதங்களைப் போர்வையால் மூடியபோது அவளே பேசினாள்.

"எனக்குப் படகு ஓட்ட வராது யூலுத். நான் ஓட்டியிருந்தா ரெண்டு பேரும் என்னைக்கோ மீனுக்கு இரையாப் போயிருப்போம்."

"அது நிஜம்தான்" என்றான். முதல் கோடையில் அவள் ஒருமுறை எஞ்சினைப் பிடித்து, நேராகப் பாறையில் ஏற்றியது நினைவுக்கு வந்து சிரித்தான். அவள் உதடும் லேசாக இழுபட்டது. அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அது.

காலையில் காபிக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. கரையோரம் ஒதுங்கிய, உப்பில்லாத பழைய பனிக்கட்டியை உருக்கிப் போடும் காபிதான் அவளுக்குப் பிடிக்கும். யூலுத் வாளியோடு இறங்கிப் போனான். காற்று அவள் சொன்னபடியே பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து கரையில் நெருக்கியிருந்தது. படகை மேலே இழுத்து வைத்தான். நல்ல நீலமான ஒரு துண்டைப் பார்த்து உடைத்து எடுத்துக்கொண்டான்.

கதவைத் திறந்தபோதே வீடு வேறு மாதிரி இருந்தது.

அருகில் போய் நின்றான். அவள் கன்னத்தில் கை வைத்தான். போர்வை விலகியிருந்த தோளை மூடினான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போய், பனிக்கட்டியைக் கெட்டிலில் போட்டுத் தீ மூட்டினான். அது உருகும் வரை நின்றுகொண்டிருந்தான். உருகும்போது உள்ளே அடைபட்ட காற்று சின்னச் சின்னதாக வெடித்தது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தன் தங்கை அமாலியா வீட்டைப் பார்த்து நடந்தான்.

மினிக் மறுநாள் கப்பலில் வந்தான். மின்சார வேலை பார்ப்பவன். வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். பிறகு, சமையலறை விளக்கு மினுக்குவதைக் கண்டு ஸ்டூலில் ஏறி அதைச் சரிசெய்தான். பட்டறையில் செய்த வெள்ளைப் பெட்டியை ஆறு பேர் தூக்கிக்கொண்டு கல்லறை மேட்டுக்கு ஏறினார்கள். அங்கே மண் ஒரு முழம்தான், மற்றதெல்லாம் கல். உபதேசியார் வாசித்தார். ஞானப்பாட்டு பாடும்போது காற்று பாதி வார்த்தைகளைக் கடலுக்கு எடுத்துப் போயிற்று. பெட்டியின்மேல் ஒவ்வொருவராகக் கல் அடுக்கினார்கள். பிளாஸ்டிக் பூக்கள் பறந்துவிடாமலிருக்க அமாலியா அவற்றின் தண்டுகளைக் கற்களுக்கிடையே செருகினாள்.

பிறகு வீட்டில் காபி. ஒரு கூட்டம் எழுந்ததும் இன்னொரு கூட்டம் வந்து உட்கார்ந்தது. கேக்கும் உலர்ந்த மீனும் திமிங்கலத் தோலும் மேஜையில் இருந்தன. எல்லோரும் அவளைப் பற்றி நல்ல விதமாகப் பேசினார்கள்.

"காகிதத்துல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்றார் ஒருவர்.

"அது மட்டுமா?" என்றார், யூலுத்தின் அப்பாவோடு வேட்டைக்குப் போன கிழவர் ஒருவர். காது கேட்காததால் சத்தமாகப் பேசினார். "யூலுத், நீ கொண்டாந்த சீலை எல்லாம் எவ்வளவு சுத்தமா உரிப்பா! உன் வேட்டைக்கு ஏத்த பொம்பளைடா அவ. நீ சுட்டுப் போட்டுட்டுத் தூங்கப் போயிடுவ. அவதான் உட்கார்ந்து உரிச்சுக்கிட்டிருப்பா."

"ஆமா ஆமா" என்றார்கள் இன்னும் சிலர்.

யூலுத்தின் கையில் காபிக் கோப்பை இருந்தது. அவன் அதை மேஜையில் வைத்தான். வாயைத் திறந்தான். கிழவர் ஏற்கெனவே அடுத்த கேக் துண்டுக்குக் கை நீட்டியிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு மினிக் கோப்பைகளைக் கழுவினான். "வியாழக்கிழமை கப்பல்ல ரெண்டு இடம் கேட்டிருக்கேன்பா. குளிர் துணி மட்டும் எடுத்துக்குங்க. மத்தது அங்க வாங்கிக்கலாம்."

மினிக் கையைத் துடைத்துக்கொண்டு, கதவருகே சாத்தியிருந்த புதுத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தான்.

"இது இடக்கைது. கடைக்காரன் தலையில கட்டிட்டானா?"

"உங்கம்மா எடுத்தா."

மினிக் துப்பாக்கியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அதை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தான்.

"நாளைக்குக் கடலுக்குப் போயிட்டு வரலாம்" என்றான் யூலுத். "நீ ஓட்டு."

மறுநாள் காலை யூலுத் பல வருஷங்களுக்குப் பிறகு படகின் முன்பலகையில் உட்கார்ந்தான். அங்கே ஒரு கலைமான் தோல் விரித்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் ரோமம் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. அந்தத் தேய்மானத்தின்மேல் உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். முன்னால் இருந்து பார்த்தால் கடல் வேறு மாதிரி இருந்தது. படகு என்ற ஒன்றே கண்ணில் படவில்லை. தண்ணீர் நேராக நெஞ்சை நோக்கி வந்தது.

தீவு ஒன்றின் ஓரத்தில் இறங்கினார்கள். மினிக் ஒரு காலி மரப்பெட்டியைத் தூரத்துப் பாறையில் வைத்துவிட்டு வந்து, அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"எனக்குத் தெரியும்பா" என்றான் திடீரென்று. "அம்மாதான் சுடுவாங்கன்னு. சின்னப் புள்ளையில படகு அடியில படுத்துக்கிட்டு பார்த்திருக்கேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லாம இருக்க மிட்டாய் குடுத்தாங்க."

"எவ்வளவு நாள் குடுத்தா?"

"நான் மீசை வச்ச வரைக்கும்."

யூலுத் துப்பாக்கியை இடது தோளில் வைத்தான். எல்லாம் தலைகீழாக இருந்தது. எந்த விரல் எங்கே போக வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருந்தது. ஒற்றைக் கண்ணை மூட அவனுக்கு எப்போதும் வராது. இடது கண்ணை மூடினால் வலதும் கூடவே மூடிக்கொள்ளும். சிறு வயதில் அதற்காகக் கேலி செய்திருக்கிறார்கள். இப்போது எதையும் மூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கண்களும் திறந்திருந்தன. இரும்புக் குறி, அவன் எங்கே பார்த்தானோ அங்கே போய் நின்றது. நகரவில்லை. வேறெங்கும் போக அதற்கு விருப்பமில்லை போல இருந்தது.

முதல் குண்டு பாறையில் பட்டது. பழைய பயத்தில் அவன் முகம் இறுகிவிட்டது. ஆனால் தோளில் உதை என்று சொல்ல எதுவும் இல்லை. யாரோ லேசாகத் தள்ளியது போல இருந்தது. இரண்டாவது குண்டில் பெட்டி குதித்துப் பின்னால் விழுந்தது.

மினிக் ஓடிப்போய் அதை எடுத்துத் தூக்கிக் காட்டினான். வெளிச்சம் துளை வழியாக வந்தது.

யூலுத் பாறையில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. வயதானால் கண் மாறாது. அன்று கடையில் அவன் கண்ணை மூடிய அந்தக் கை எதையும் தேடவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஏதாவது ஒரு வருஷம், ஏதாவது ஒரு காலையில். தனக்குக் கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தான், காணாமல் போன கையுறையைத் தேடுவது போல. அது எங்கும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் அவள் முகம்தான். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் மோவாயைச் சற்றே தூக்கி ஒரு மூச்சு விடுவாள், தூரத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தவள் போல. அடுப்படியில் இருக்கும்போது அந்த முகம் அவளுக்கு வந்து அவன் பார்த்ததில்லை. சுடத் தெரிந்த கணவன் ஒருவன் இருந்திருந்தால், அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள்?

"போலாமாப்பா?" என்றான் மினிக்.

வெயில் ஏறிய பிறகுதான் சீல் கண்ணில் பட்டது. இரண்டு பனிக்கட்டிகளுக்கு நடுவே கருப்பாக ஒரு தலை, நனைந்த கல் போல. மினிக் ஆர்வத்தில் எஞ்சினை முடுக்கினான். தலை மறைந்துவிட்டது.

"வேகத்தைக் குறைடா! கல்யாணத்துக்கா போற?"

"பார்த்துக்கிட்டேதானே போறேன்!"

"பார்க்காதே. அலையைக் கேளு. அலைக்கு மூக்கைக் காட்டி நிறுத்து... அப்படி இல்ல, இந்தப் பக்கம். ஐயோ, உங்கம்மா மாதிரியே ஓட்டுற."

காத்திருந்தார்கள். மறுபடி தலை எழுந்தது, கொஞ்சம் தள்ளி. படகு ஆடிக்கொண்டே இருந்தது. முன்பலகையில் இருப்பவருக்குப் படகின் ஆட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யூலுத் அப்போதுதான் உணர்ந்தான். தான் பின்னால் இருந்து பிடித்துக் கொடுத்த அந்த அசையாத கணங்கள் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தான். சுட்டான். தண்ணீர் தெறித்தது. போல்ட்டை இழுத்தான். இப்போது படகு ஓர் அலையின் உச்சியில் ஒரு நொடி ஓய்ந்தது. சுட்டான். தலை சாய்ந்தது.

"பட்டுடுச்சு!" மினிக் கத்தினான்.

"கத்தாம போ! முழுகிடும்!"

இந்த மாதத்துச் சீலின் உடம்பில் கொழுப்பு குறைவு, செத்தால் மிதக்காது. மினிக் படகை வேகமாகத் திருப்ப, அது சீலைத் தாண்டிப் போய்விட்டது. யூலுத் கொக்கியோடு வயிறு வரை வெளியே சாய்ந்தான். நீருக்கடியில் வெளிறிய நிழலாக அது இறங்கிக்கொண்டிருந்தது. கொக்கி ஒருமுறை நழுவியது. மறுமுறை மாட்டியது. மினிக் எஞ்சினை விட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து இழுத்து, சீலோடு படகுக்குள் விழுந்தார்கள். முகமெல்லாம் உப்புத் தண்ணீர். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோயிற்று. எஞ்சின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

கரையில், பாறைமேல் வைத்து யூலுத் அறுத்தான். அமாலியா கத்தியோடு உதவ வந்தாள். "நல்ல பெருசுதான். மினிக் நூக்குக்கு எடுத்துட்டுப் போக நெஞ்சுக்கறியை வைக்கட்டுமாண்ணா?" என்றாள். அவன் தலையசைத்து மறுத்துவிட்டு அறுத்துக்கொண்டே இருந்தான். துண்டுகளைச் சிறிது சிறிதாக, ஒரே அளவாகப் போட்டான். ஈரலையும் பங்கு போட்டான். பெரிய பாத்திரம் நிறைந்தது. அமாலியா கையை நிறுத்தினாள்.

இந்த ஊரில் சீலை அப்படித் துண்டு போடுவது ஒரே ஒரு சமயத்தில்தான். ஒருவன் தன் வாழ்க்கையில் முதல் சீலைச் சுட்டால், அது ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். சுட்டவன் தனக்கென்று ஒரு துண்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

"யாரோட முதல் சீல் இது?" என்றாள் அமாலியா. "மினிக்கோடதுக்கு நான்தானே காபி போட்டேன். அவனுக்குப் பல்லு விழுந்து முளைச்ச வயசு."

மினிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யூலுத்துக்குத் தன் சிறுவயது நாள் ஒன்று ஞாபகம் வந்தது. அவன் துப்பாக்கியும் சித்தப்பாவின் துப்பாக்கியும் ஒரே சமயத்தில் வெடித்தன. அவன் குண்டு இடப்புறம் தண்ணீரில் விழுந்ததை அவன் பார்த்தான். சித்தப்பாவும் பார்த்தார். "பையன் அடிச்சிட்டான்!" என்று சித்தப்பா கூவினார். அப்பாவின் முகம் மலர்ந்தது. அன்றைக்கு, அவனுடைய முதல் சீல் என்று ஊரே அவனைத் தூக்கிக் கொண்டாடியது. அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க அந்த வயதில் யாருக்கு மனம் வரும்?

"என்னோடது" என்றான்.

அமாலியா சிரிக்கப் போனாள். அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவள் பார்வை பாத்திரத்துக்குப் போயிற்று. படகின் முன்பலகைக்குப் போயிற்று. மேட்டில் புதிதாக அடுக்கிய கற்கள் பக்கம் போயிற்று.

"அப்ப அதெல்லாம்..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. கத்தியைப் பாறையில் வைத்து, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, சிறு பையன்களுக்குச் சொல்லும் அதே விதமாக, அவன் இரண்டு கையையும் பிடித்து, "வாழ்த்துகள் அண்ணா" என்றாள். "முதல் துண்டு எனக்குக் குடு."

அவன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனான். காது கேட்காத கிழவர் துண்டை வாங்கி, அதையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "வாழ்த்துகள்" என்றார். முதல்முறையாக அவர் தணிந்த குரலில் பேசினார். உபதேசியார் வீட்டில் அவர் மனைவி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். சில வீடுகளில் கேள்வி கண்ணில் வந்து நின்றது. யாரும் அதை வாய்க்குக் கொண்டுவரவில்லை. செய்தி அவனுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும், கடைசி வீடுகளில் கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்தார்கள். ஹென்றிக் கடையை மூடிக்கொண்டிருந்தான். கொடுத்த துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "அக்காவோட சாமர்த்தியம்" என்றான், வேறெங்கோ பார்த்தபடி.

"ஆமா" என்றான் யூலுத். "எல்லாமே அவதான்."

இந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் அன்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது மினிக் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். "ஆமாங்க, வியாழக்கிழமைதான். ரெண்டு இல்ல, ஒருத்தர் மட்டும்... இல்ல, நான் மட்டும்." பேசி முடித்து அப்பாவைப் பார்த்தான். "அத்தை மீன் குடுத்தனுப்பியிருக்காங்க. நமக்குச் சீல் கிடையாதாமே."

"எனக்குத்தான் கிடையாது. நீ அத்தை வீட்ல போய்ச் சாப்பிடு."

"மீனே போதும்பா" என்றான் மினிக், அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே.

மீன் வேகும் நேரத்தில் யூலுத் கரைக்கு இறங்கினான். படகில் ஏறி, பின்பக்கம் எஞ்சினருகே துப்பாக்கி வைக்க இரண்டு மரத்துண்டுகளை ஆணியடித்தான், உட்கார்ந்த இடத்திலிருந்து இடது கையை நீட்டினால் துப்பாக்கி எட்டும்படி. உட்கார்ந்து நீட்டிப் பார்த்தான். ஒரு துண்டைப் பிடுங்கிக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி அடித்தான்.

பிறகு முன்னால் போனான். காலையில் தெறித்த தண்ணீரில் கலைமான் தோல் ஊறிப் போயிருந்தது. அதைத் தூக்கி உதறிப் பிழிந்து, ரோமம் தேய்ந்த பக்கம் வெயில் படும்படி, அதே பலகையில், அதே இடத்தில் விரித்தான்.